கட்டிலுக்கடியிலிருந்த பெட்டிக்கு அர்த்தம்

நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத ஒரு தகரப் பெட்டிதான், மைசூரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. பச்சை பெயின்ட் அடித்த பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருக்கும். கொண்டி சரியாக உட்காராததால் பூட்டைப் போடுவதற்கு மூடியை முழங்காலால் அழுத்த வேண்டும். அது ஒரு கதையில் வந்த பெட்டி. அக்ரஹாரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்தக் கதையை எழுதியவரே எங்களுக்கு வாசித்துக் காட்டினார். சொந்த வீட்டில் எத்தனையோ பெட்டிகளை இழுத்துத் தள்ளியிருக்கிறேன். அவற்றில் ஒன்றின் நிறமும் நினைவில் இல்லை. இந்தப் பெட்டியை மட்டும் இன்றைக்கும் கையால் தடவிப் பார்க்கிற மாதிரி நினைவிருக்கிறது.

எழுதியவர் எனக்கு சூப்பர்வைசர். தொண்ணூறுகளின் நடுவில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் கால் போர்டில் ஆபரேட்டராக இருந்தேன். நாங்கள் வரிசையாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார். மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்ட காலம் அது. போர்டில் வேலை குறைந்துகொண்டே வந்தது. ஓய்வு கிடைத்த நேரத்தில் மற்றவர்கள் பின்னல் போட்டார்கள், அவர் கதை எழுதினார். ஈரோட்டில் படித்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவர். அவர் தமிழ், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த என் தமிழைப்போலக் கன்னடம் கலந்து குழம்பாமல் சுத்தமாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

போர்டில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வேலை செய்தால் யாருக்கும் அந்தப் புத்தி வந்துவிடும். லைன் சரியாகக் கிடைத்ததா என்று பார்க்கக் காதைக் கொடுக்கும் சில விநாடிகளில் மனுஷர்களின் குரல் பழகிவிடும். நம்பரைக் கேட்டால் நம்பரை மட்டும் சொல்பவர்கள் உண்டு. அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. "மாமியாருக்கு உடம்பு சரியில்லம்மா, அதான் அவசரமா பேசணும்" என்று யாரும் கேட்காமலே காரணம் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் ஏதாவது இருக்கும். இப்போதெல்லாம் புத்தகம் வெளிவந்த வாரமே எழுத்தாளர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து, தங்கள் கதையில் வரும் காக்கை எதைக் குறிக்கிறது, உடைந்த நாற்காலி எதைக் குறிக்கிறது என்று பொறுமையாக விளக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே கேள்விதான் எழுகிறது: இந்த மனுஷன் எதை மறைக்கிறார்?

எங்கள் வாசகர் வட்டத்தை நடத்தியவர் மேல்கோட்டைக்காரர். சம்ஸ்கிருதம் கற்பித்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கெல்லாம் 'புரொபசர்'. மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்துவிடுவார். வட்டத்தில் அவர் வைத்த ஒரு வழக்கம் உண்டு. கதையையோ கவிதையையோ வாசித்து முடித்தவுடன் எழுதியவர் எழுந்து நின்று அதற்கு 'ஸ்வாபதேசம்' சொல்ல வேண்டும். வைணவப் பெரியவர்கள் பாசுரங்களுக்கு மேலோட்டமான பொருளைச் சொன்னபிறகு உள்ளே இருக்கும் தத்துவப் பொருளைத் தனியாகச் சொல்வார்கள் அல்லவா, குயில் என்றால் ஆசாரியன் என்கிற மாதிரி, அதற்குப் பெயர் ஸ்வாபதேசம். அதைக் கொண்டுவந்து பேங்க் கிளார்க்கும் நர்சும் எழுதிய கதைகளுக்கு மாட்டிவிட்டார். யார் என்ன கேட்டாலும் எழுதியவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். மழுப்பக் கூடாது. அதுதான் அங்கே சட்டம்.

நான் ஒருநாள் அவரிடம் கேட்டேன். பாசுரம் பாடியவர்கள் யாரும் தாங்களே உட்கார்ந்து அர்த்தம் சொல்லவில்லையே, பின்னால் வந்தவர்கள்தானே சொன்னார்கள், நீங்கள் ஏன் எழுதினவரையே நிற்க வைத்துக் கேட்கிறீர்கள் என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. வெற்றிலைச் சிவப்பான வாயால் சிரித்தார். "பாடினவா திரும்பி வந்து சொல்லமாட்டா. இவா கண்ணெதிர இருக்கா. கேட்டுண்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றார். நல்ல மனுஷர். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எதிரில் இருப்பவர் உண்மையைத்தான் சொல்வார் என்று அவர் நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சூப்பர்வைசர் அன்றைக்கு வாசித்த கதை சின்னதுதான். ஒரு பெண். அவள் கட்டிலுக்கடியில் நான் சொன்ன அந்தப் பெட்டி. வெள்ளிக்கிழமைதோறும் அவள் அதை வெளியே இழுத்து, தூசி தட்டி, திறந்து பார்த்துவிட்டு, மூடியை முழங்காலால் அழுத்திப் பூட்டி மறுபடியும் உள்ளே தள்ளிவிடுவாள். ஊரில் ஏதோ சரியில்லாத ஒரு வாரத்தில் அவள் புருஷன் வாசற்படியில் நின்றுகொண்டு, "நீ வேணா உங்க ஊருக்குப் போ" என்கிறான். அவள் போகவில்லை. ஊர் சரியாகிவிடுகிறது. பால்காரன் வருகிறான், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பெட்டி மட்டும் கட்டிலுக்கடியிலேயே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று கடைசிவரை சொல்லவில்லை. வாசித்து முடித்துவிட்டு, உறை போட்டு மூடிய ஒரு டைப்ரைட்டரின்மேல் தாள்களை வைத்தார்.

பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்கள். பேங்க்கில் வேலை பார்த்த ஒருவர், பெட்டி ஏன் பச்சை நிறம், அது வளமா பொறாமையா என்று கேட்டார். இன்னொருவருக்கு நசுங்கிய மூலை எந்தத் திசை என்று தெரிய வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு குரல். அன்றைக்குத்தான் அவள் வீடு கழுவுவாள் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் புரொபசர், "ஆக, இதுக்கு ஸ்வாபதேசம் என்ன? நீங்களே சொல்லிடுங்கோ" என்றார். சூப்பர்வைசர் எழுந்தார். "பெட்டின்னா ஜீவாத்மாங்க. கட்டில் சம்சாரம். எப்பக் கூப்பிட்டாலும் கெளம்பறதுக்குத் தயாரா இருக்கணும்னு அவ நெனைக்கறா. அதான்" என்று தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். புரொபசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பேஷ், பேஷ்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அறையில் ஒரு பெரிய நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். அந்த நிம்மதியைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

ஏனென்றால், அந்த 'ஊர் சரியில்லாத வாரம்' எதுவென்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் காவிரித் தண்ணீர்த் தகராறு கலவரமாக மாறிய நாட்கள். போர்டில் சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வரிசையாக அழைப்புகள் வந்தன. இந்தப் பக்கத்திலிருந்து எல்லோரும், "நாங்க நல்லாத்தான் இருக்கோம், ஒண்ணும் பயமில்ல, கடை தெறந்திருக்கு, பால்கூட வந்துச்சு" என்று காரணங்களை அடுக்கினார்கள். பேசியவர்களின் மூச்சு வேறு மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா சர்டிபிகேட்டுகளையும் இரண்டு வளையல்களையும் ஒரு ஏர்பேகில் போட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா எங்களைத் தன் வீட்டுப் பின்னறையில் வந்து படுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார், நாங்கள் போனோம். அந்த மாடியறையில் இருந்த தமிழர்களில் அந்த வாரம் ஒரு பையையாவது கட்டி வைக்காதவர் யாரும் இருந்திருக்க முடியாது. கதையில் அப்படி ஒரு பெட்டி வந்தவுடன் அத்தனை பேரும் சேர்ந்து அதை ஜீவாத்மா ஆக்கிவிட்டுக் கைதட்டினார்கள். பெட்டி பெட்டியாகவே இருந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டி வந்துவிடும்.

என் சந்தேகம் அதோடு நிற்கவில்லை. கலவரம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எல்லோரும் பையைப் பிரித்துவிட்டோம். கதையில் அவள் மட்டும் ஏன் பிரிக்கவில்லை? வாசிக்கும்போது புருஷன் சொல்லும் அந்த ஒரு வரியில் மட்டும் சூப்பர்வைசரின் குரல் கொஞ்சம் வேகமாக ஓடியது. காது எங்கள் தொழில், தப்பவில்லை. இவர் இவருடைய வீட்டுக்காரரை விட்டுப் போகப்போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்கப்புறம் அவர் ஈரோட்டுக்கு ஒரு லைன் கேட்டால்கூட எனக்குக் கை ஒரு கணம் தயங்கும்.

அவர் வீட்டுக்காரரை எல்லோருக்கும் தெரியும், யாரும் அவரிடம் பேசியதில்லை. ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். கர்நாடகப் பக்கம் எல்லையோரம் இருக்கும் கௌதள்ளிக்காரர். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் பள்ளிக்கூடத்தில் கன்னடம் மட்டுமே படித்ததால் தமிழ் எழுத்து தெரியாது. மாதம் தவறாமல் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். இலக்கியத் தமிழ் அவருக்கு எங்கே புரியப்போகிறது, பாவம் காத்துக்கிடக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், கௌதள்ளியிலிருந்து மலையைத் தாண்டினால் மேட்டூர், அப்புறம் பவானி, ஈரோடு. அவர் ஊரிலிருந்து மைசூர் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அவர் மனைவியின் ஊரும். நடுவில் ஒரு மாநில எல்லை இருந்தது.

ஒரு நாள் மத்தியானம், மனைவி மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸை அவர் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவந்தார். சூப்பர்வைசர் மேலதிகாரியின் அறையில் மீட்டிங்கில் இருந்ததால் நான் வாசலுக்குப் போய் வாங்கிக்கொண்டேன். அவர் கிளம்பாமல் நின்றார். ஸ்கூட்டர் சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் மேடம், அந்தக் கதையில அவ பெட்டிய எதுக்குங்க வெச்சிருக்கறா? உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்றார். நான் திகைத்துப்போய், "உங்களுக்கு அந்தக் கதை புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "படிக்கத்தானுங்க வராது. காதுல கேட்டா புரியாதுங்களா?" என்றார்.

"மேடமே சொன்னாங்களே, ஜீவாத்மான்னு" என்றேன்.

"நீங்க அத நம்பறீங்களா?"

"நான் எதையும் நம்பமாட்டேன்."

அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அங்கேயே வேப்பமரத்து நிழலில் நின்று சொல்லிவிட்டார். பெட்டி நிஜம். அந்த வாரம் இருவரும் சேர்ந்துதான் கட்டினார்கள். எல்லாம் அடங்கியபிறகு அவர் தன் துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். "அவ துணி இன்னும் பெட்டியிலதானுங்க இருக்குது. தெனம் உடுத்தறதுக்குன்னு அஞ்சாறு வெளிய கெடக்குது. மிச்சமெல்லாம் அதுக்குள்ளதான்." நீ வேணா உங்க ஊருக்குப் போ என்று சொன்னதும் அவர்தான். "பயத்துலங்க. நான் கன்னடம் பேசினா இவன் எந்த ஊருன்னு எவனும் கண்டுபிடிக்கமாட்டான். அவ வாயத் தொறந்தா தெரிஞ்சுபோயிரும். போயிட்டா அவளாச்சும் பத்திரமா இருப்பாளேன்னுதான்."

"இதை அவங்ககிட்ட சொல்லலாமில்ல?"

"இத்தன வருசம் கழிச்சுச் சொன்னா சாக்குன்னுதான நெனைப்பா? கேட்டா பதிலே சொல்லமாட்டீங்கறா. பெட்டி பாட்டுக்கு இருக்கட்டும்னு போயிருவா. அவ போயிருவாளான்னு மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்." பெரிய ஆம்பிளை, அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரையும் நான் முழுக்க நம்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'உங்க ஊர்' என்ற வார்த்தை பயத்தினால் மட்டும் ஒருவன் வாயில் வராது. ஆனாலும் பதில் கிடைக்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். வீட்டில் பதில் சொல்லாதவர் அந்த மாடியறையில் சொல்லித்தான் ஆகவேண்டும். "அங்க எல்லாரும் கேக்கறாங்கல்ல, நீங்களும் கேளுங்க" என்றேன்.

அடுத்த மாதம் வழக்கம்போல புரொபசர், "போன மாசக் கதையில மிச்சம் கேள்வி ஏதாவது உண்டோ?" என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையில் சூப்பர்வைசரின் வீட்டுக்காரர் எழுந்தார். ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார்கள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? எனக்குப் படிக்க வராதுங்க. கேட்டத வெச்சுக் கேக்கறன்."

"தாராளமா கேளுங்கோ" என்றார் புரொபசர்.

"எல்லாரும் பெட்டியப் பத்தியே கேட்டீங்க. அந்த வீட்டுக்காரன், நீ வேணா உங்க ஊருக்குப் போன்னு ஒண்ணு சொல்றானில்லீங்களா. அதுக்கு என்னங்க அர்த்தம்?"

சூப்பர்வைசர் எழுந்தார். வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, புரொபசரைப் பார்த்துத்தான் பேசினார். "அதுக்குன்னு தனியா அர்த்தம் எதுவும் கெடையாது. சொன்னது சொன்னதுதான்."

"அவன் பயந்துபோய்ச் சொல்லியிருப்பானுங்க. அவளுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு."

"கதையில அப்படி எழுதலையே."

"நீங்க எழுதலீங்க. அவன் அப்பச் சொல்லலீங்க."

கட்டிய மனைவியை அவர் அந்த அறையில் நீங்க என்றுதான் கூப்பிட்டார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறதென்று புரிந்துவிட்டது. பேங்க்காரருக்குப் புரியவில்லை. "இது நல்ல கோணம் சார், கணவன்ங்கறத நாம அரசாங்கமா எடுத்துக்கிட்டா..." என்று தொடங்கினார். புரொபசர் கையை உயர்த்தி, "சித்த சும்மா இருங்கோ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய ஸ்வாபதேசங்கள் அத்தனையையும் நான் மன்னித்துவிட்டேன்.

சூப்பர்வைசர் இப்போது திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். "பயந்தவன் அம்மா வீட்டுக்குப் போன்னு சொல்லியிருக்கலாம். வா, ரெண்டு பேரும் போலாம்னு சொல்லியிருக்கலாம். உங்க ஊருன்னு எதுக்குச் சொன்னான்? கட்டிக்கிட்டு வந்தப்புறம் அவளுக்கு இது ஊர் இல்லையா?"

வீட்டுக்காரர் ஒரு டைப்ரைட்டரின் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கும் ஏதாவது விளக்கம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆண்களிடம் அதற்கா பஞ்சம். அவர் கொடுக்கவில்லை. "அது தப்புங்க. அந்த வார்த்த தப்பு. சொல்லியிருக்கக் கூடாது" என்றார். சூப்பர்வைசர், "சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்து கீழே இறங்கியபோது நல்ல குளிர். மைசூரில் தை மாதச் சாயங்காலம் எலும்பைத் தொடும். வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார், அது கிளம்புவதாக இல்லை. சூப்பர்வைசர் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் செருப்பு மாட்டுகிற சாக்கில் தாமதித்தேன்.

"ஸ்வெட்டர் எங்க?" என்றார் வீட்டுக்காரர், நிமிர்ந்து பார்க்காமல்.

"பெட்டியில இருக்கு."

"வீட்டுக்குப் போனதும் எடுத்துப் போட்டுக்க."

வண்டி கிளம்பியதும் சூப்பர்வைசர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். போய்விட்டார்கள்.

அந்தக் கதை பிறகு சூப்பர்வைசரின் தொகுப்பில் வந்தது. புரொபசர்தான் முன்னுரை. பெட்டி ஜீவாத்மா, கட்டில் சம்சாரம் என்று அதில் அச்சாகியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் அந்த முன்னுரையை வைத்தே கட்டுரை எழுதி, அங்கே இருந்தவள் என்பதால் என்னிடம் அபிப்பிராயம் கேட்டாள். எழுதியவரே சொன்ன அர்த்தம், இதற்குமேல் ஆதாரம் எதற்கு என்பது அவள் கட்சி. அவர் சொன்னார் என்பது உண்மைதான் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எழுதியவர்கள் விளக்கம் சொல்லலாமா கூடாதா என்றால், சொல்லட்டும். பயந்தவர்களுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருக்கிறது. நாம் அந்த இடத்தைக் கதையென்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை எனக்கு முதல் ஷிப்ட். போர்டில் சேலம் லைனுக்காகக் காத்திருந்தேன். சூப்பர்வைசர் உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, அறை முழுவதும் பாச்சை உருண்டை வாசனை. பக்கத்து சீட்டுப் பெண் தும்மிவிட்டு, "ஏனு மேடம் இது, இஷ்டு வாசனே?" என்று கன்னடத்தில் சிரித்தாள். திரும்பினேன். மெரூன் கலர் ஸ்வெட்டர், முன்பக்கம் முழுக்க நாள்பட்ட மடிப்பு. அவர் தலையைக் குனிந்து டூட்டி சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் நம்பினேன்.